குலசேகரம் மாஸ்டர் புளோரன்ஸ் பார்த்த விதம்

செவ்வாய்க்கிழமை காலை, மிசிசாகாவில் நான் வேலைக்குப் போய் அமர்ந்த சிறிது நேரத்தில் தொலைபேசி வந்தது. குலசேகரம் மாஸ்டரின் மனைவி பேசினார். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். சப்பாத்துப் போடக் குனிஞ்சவர், நிமிரேல்லை."

யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் பதினாறு ஆண்டுகள் ஒன்றாகப் படிப்பித்தோம். அவர் ஐரோப்பிய வரலாறு, நான் புவியியல். புளோரன்ஸ் நகரை அவர் கண்டதில்லை. ஆனால் அதன் ஆற்றையும் பாலங்களையும் பேராலயத்தின் குவிமாடத்தையும் புத்தகம் பாராமல் கரும்பலகையில் வரைவார். சுற்றியுள்ள திராட்சைக் குன்றுகளை அவர் போட்டிருந்த இடம் பிழை என்று ஒருநாள் சொன்னேன். "போய்ப் பாத்திட்டு வந்து திருத்துறன், ஐசே. அதுவரைக்கும் உம்மட மலையை நீரே வைச்சிரும்" என்றார். ரொறன்ரோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவல் வேலை பார்த்த ஆண்டுகளிலும் இந்தத் தர்க்கத்தை அவர் விடவில்லை.

கனடியக் கடவுச்சீட்டுக் கைக்கு வந்த ஆண்டிலேயே, திராட்சை அறுவடைக் காலம் பார்த்து, இருவரும் புறப்பட்டோம். அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் அதை "மாஸ்டர் வைன் குடிக்கப் போன பயணம்" என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். சிரித்தவர்களுக்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் போய் இறங்கிய விமான நிலையத்தில் மாஸ்டர் எனக்கு முன்னால் நின்றார். அவருடைய கடவுச்சீட்டில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆனால் எண்பதுகளில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ற் ஒருவன் அவரை வேறொருவரின் கடவுச்சீட்டில் ஐரோப்பா வழியாகக் கொண்டுவந்திருந்தான். அதற்காக மூன்று வாரம் ஓர் அறையில் பூட்டி வைத்து, அந்த வேறொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் பாடமாக்க வைத்தான். நம்மில் பலருக்கு அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை. சீருடை அணிந்த அதிகாரி பிறந்த தேதியைக் கேட்டதும் மாஸ்டரின் வாயில் வந்தது அந்தத் தேதி. அவருடையது அல்ல.

அதிகாரி கடவுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவரோடு வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நானும் அப்படி வந்தவன்தான்; எனக்கும் ஒரு பொய்த் தேதி பாடம். அது நுனிநாக்கில் நின்றது. "இல்லை" என்றேன்.

மாஸ்டரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியேறி, மண்டபத்து வாங்கில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கனடியத் தூதரகத்தின் எண் சட்டைப்பையில் இருந்தது. தொலைபேசி பத்தடி தூரத்தில் இருந்தது. கதவு திறந்தபோதெல்லாம் என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரைப் பற்றிய நினைவு அதற்குப் பிறகே வந்தது. அந்த வரிசையை இங்கே நான் மாற்றி எழுதப்போவதில்லை.

ஒருவழியாக அவர் வந்தார். இடுப்புப்பட்டி கையில் இருந்தது. "வாரும், ரயிலைப் பிடிப்பம்" என்றார். அவரை விட்டவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. கடவுச்சீட்டை மேசையில் எறிந்தார்களாம்.

புளோரன்ஸில், மாஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டிய அந்தப் பழைய பாலத்தின் முனையில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். மாஸ்டர் பாலத்தில் ஏறவில்லை. "இஞ்சையிருந்தே வடிவாத் தெரியுது" என்றார். அங்கிருந்து தெரிந்தது பாலத்தின் மேலிருந்த நகைக்கடைகளின் பின்சுவர்கள் மட்டுமே. மறுநாளும் வந்தோம், மறுநாளும் ஏறவில்லை.

மூன்றாம் நாள் பஸ்ஸில் குன்றுகளுக்குப் போனோம். ஒரு தோட்டக்காரப் பெண் இரண்டு கிளாசில் வைன் தந்தார். மாஸ்டர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "பழுதாப்போன நெல்லிரசம்." பிறகு கீழே தெரிந்த நகரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மலை நீர் சொன்ன இடத்திலதான் இருக்கு" என்றார்.

"மாஸ்டர், அண்டைக்கு நான்…"

"ரெண்டு பேரையும் உள்ள கொண்டு போயிருந்தா, ஆர் வெளியில நிண்டு அலுவல் பாக்கிறது?"

"நான் ஒரு அலுவலும் பாக்கேல்லை."

"அது எனக்குத் தெரியும். கிளாசை முடியும்."

செத்தவீட்டில் அவருடைய மனைவி உறவினர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "இவர்தான் இத்தாலியில பொலிசோட வாதாடி அவரை வெளியில எடுத்தவர்." மாஸ்டர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். பலர் என் கையைப் பிடித்தார்கள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் பிக்கரிங்கில் மாஸ்டர் வீட்டுக்குப் போய், நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாஸ்டரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி."

"பிறகேன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவர் சொன்னதைத்தானே நான் சொல்லவேணும்." இன்னொரு சட்டையை எடுத்தார். "இத்தாலியில இருந்து வந்த நாள் தொட்டு நித்திரையில கத்துவார். உங்கட பேரைச் சொல்லி, 'நீர் போம், நிக்காதையும், நீர் போம்' எண்டு கத்துவார்."

மாஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, நான் கேட்டிராத அந்தக் குரல்தான். அவர் அப்படிக் கத்தியிருக்கத் தேவையில்லை. நான் ஏற்கெனவே போய்விட்டிருந்தேன்.