விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே: சங்கரன்கோவிலில் மனசுக்குப் பேர் வைக்கப் பழகிய ஐந்து நாள்

தியானத்தில் உட்கார்ந்தால் எண்ணங்களுக்குப் பெயர் சூட்டச் சொல்கிறார்கள், எனக்கு வரவே மாட்டேன் என்கிறது என்று சிலர் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கும் வரவில்லை. வர வைத்தது ஒரு பயணம்தான். அந்த ஊரில் தியானத்துக்குத் தோதாக ஒன்றுமே கிடையாது. அதனால்தான் சொல்லத் தோன்றுகிறது.

எண்பத்து மூன்றாம் வருடம். நான் மதுரையில் தொலைபேசி நிலைய ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் ஹெட்செட். ஒரு கோடையில் வலது காது இரைய ஆரம்பித்தது. பிரஷர் குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் கேட்குமே, அது மாதிரி. நிற்கவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “இது போகாதும்மா, பழகிக்கணும்” என்றார். எப்படிப் பழகுவது என்று அவர் சொல்லவில்லை. எதிர்முனையில் பேசுவது சரியாக விழாமல் இரண்டு டிரங்க் கால்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன். சுவிட்ச் போர்டை விட்டு இறங்கி வேறு பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார் சூப்பர்வைசர். எனக்கு அந்த வேலை உயிர். ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பாக்கியத்துக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். “ஏட்டி, எங்கூர்ல மீனான்னு ஒரு டீச்சர் இருக்கா. ரங்கூன்ல பொறந்து வளந்தவ. அங்கன ஏதோ தியானம் படிச்சிருக்கா. வருசத்துக்கு ஒருக்கா அஞ்சு நாள் சொல்லிக் குடுக்கா. வாரியா?” என்றாள். ஆடித் தபசுத் திருவிழா முடிந்து ஊர்க் கூட்டம் கலைந்த வாரத்தில் இருவரும் லீவு போட்டோம்.

அப்போது மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாசஞ்சர். காலை ஏழு மணி வாக்கில் ஏறினோம். விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நிதானமாகப் போய், பதினொன்று தாண்டி சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டது. டிக்கெட் எட்டு ரூபாய் சொச்சம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கரித்தூள் கண்ணில் விழும். ராஜபாளையத்துக்குப் பிறகு மேற்கே மலை கூடவே வரும். அதற்காகக் கரித்தூளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாக்கியத்தின் அம்மா என்னை முதலில் கோவிலுக்குத்தான் கூட்டிப் போனார். கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. அதில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் மனக்கலக்கம் தீரும் என்பார்கள். உட்கார்ந்தேன். காது இரைந்தது. நெற்றியில் புற்றுமண் வைத்துவிட்டு, “டீச்சரையும் பாரு, அம்மனையும் விட்டுராத” என்றார்.

டீச்சருக்கு ஏறக்குறைய என் வயதுதான். ரங்கூனில் வீட்டுக்கு அடுத்தாற்போல ஒரு புத்த மடம் இருந்ததாம், சிறுமியாக அங்கே போய்ப் பழகியிருக்கிறார். குடும்பம் கப்பலேறி இங்கே வந்தபோது தையல் மிஷினைக் கூடக் கொண்டுவர முடியவில்லை. “இந்தத் தியானம் ஒண்ணுதான் செக்கிங்ல பிடுங்க முடியாம வந்தது” என்று சிரிப்பார். வகுப்பு நடந்தது ஒரு பருத்திக் கடையின் மாடி. நாங்கள் ஒன்பது பேர். மாடிக்குப் பின்பக்கம் முழுக்க விசைத்தறிகள். காலையில் தொடங்கினால் அந்திவரை தடக் தடக் தடக். இதில் எங்கே தியானம் என்று நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முறை எளிது. மூச்சுக்கு வயிறு ஏறும், இறங்கும். மனசுக்குள் ‘ஏறுது, இறங்குது’ என்று மெல்லச் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது நடுவில் வந்து இழுத்தால், அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். வலித்தால் வலி, நினைத்தால் நினைப்பு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். முதல் இரண்டு நாள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ‘ஏறுது’ என்றதும் மூச்சு என் உத்தரவுக்குக் காத்திருந்தது. சொன்னால்தான் ஏறியது; சொல்லாவிட்டால் திணறியது. எண்ணம் வந்தால் சரியான சொல் எது என்று தேடினேன். இது கவலையா, எதிர்பார்ப்பா, ஞாபகமா? முடிவு செய்வதற்குள் அந்த எண்ணம் போய் வேறு நான்கு வந்திருக்கும். தறிச் சத்தத்துக்கு ‘ஒலி ஒலி’ என்று சொல்லிச் சொல்லி அதுவே தறியின் தாளத்தில் பாட்டாகிவிட்டது. ஒரு கட்டத்தில் ‘பேர் வைக்கத் தெரியவில்லை என்று கவலைப்படுவதற்கு என்ன பேர்’ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“பேரு கெடைக்கலைன்னா ‘ஏதோ’ன்னு சொல்லுங்க. போதும்.”

“எண்ணம் முடிஞ்ச பொறவுதான் ஞாபகமே வருது.”

“வரட்டும். ‘நெனைச்சேன்’னு சொல்லிட்டு வாங்க. பிந்தி வந்தா யாரு ஃபைன் போடப் போறா?”

“மூச்சு?”

“பேர முந்திச் சொல்லுதீக. வயிறு மொதல்ல போகட்டும், நீங்க பின்னால போங்க.”

‘ஏதோ’ என்ற சொல் கிடைத்ததும் பாதிப் பாரம் இறங்கியது. சட்டென்று தேடுதல் நின்றது. முழங்கால் வலியைச் சமாளிக்கவும் ஒரு வழி தெரிந்தது: ‘வலி’ என்று மொத்தமாகச் சொன்னால் பயம்தான் கூடியது, ‘சுடுது, குத்துது, இழுக்கு’ என்று பார்த்தால் தாங்க முடிந்தது. ஆனால் காது? அது மட்டும் மசியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஓய்வு. பாக்கியத்தின் தங்கச்சி பிள்ளை பெற்றிருந்தாள். பார்க்கத் திருவேங்கடம் கிளம்பினோம். சுமார் இருபது கிலோமீட்டர், டவுன் பஸ், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். இரண்டு பக்கமும் கரிசல், மழைக்குக் காத்துக் கிடக்கிற உழவு நிலம். எனக்கு முன் சீட்டில் யூனியன் ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், இன்ஜினுக்கு மேலே கேட்கும்படி ஆபீஸ் கதை பேசிக்கொண்டு வந்தார்கள். பழக்கத்தை விடக் கூடாதே என்று கண்ணை மூடி ‘சத்தம், சத்தம்’ என்றேன். மனசுக்குள் என்றுதான் நினைத்தேன்.

பேச்சு நின்றது. கண்ணைத் திறந்தால், அதில் ஒருவர் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஏம்மா, நாங்க பேசுதது ஒங்களுக்குச் சத்தமாவா இருக்கு?”

பாக்கியம் சேலை முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். நான் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்: தியானம், காது, பேர் வைப்பது எல்லாம். அவர் கோபம் போய் ஆர்வமாகிவிட்டார்.

“சரி, சத்தம்னு சொன்னா சத்தம் நின்னுருமா?”

“நிக்காது.”

“பொறவு எதுக்குச் சொல்லுதீக?”

அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். குழந்தையைப் பார்த்து, காப்பி குடித்து, திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். நிற்க வேண்டும் என்றுதானே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

சாயங்காலம் டீச்சரிடம் அப்படியே ஒப்பித்தேன்.

“அதான் விசயம்க்கா. நீங்க பேரு வைக்கல, வெரட்டுதீக. காதுல வாரதுக்கு என்ன பேரு வச்சிருக்கீக?”

“நோய்னு.”

“நோய் காதுல கேக்குமா? கேக்குதது என்ன?”

கொஞ்ச நேரம் கவனித்தேன். “இரையுது,” என்றேன். நான் பிறந்து வளர்ந்த அம்பாசமுத்திரத்தில் சின்ன வயசில் நாங்கள் சொல்லும் சொல் அது. மழைக்காலத்து ஆற்றுக்கும் அதையே சொல்வோம்.

“அதையே வச்சுக்கிடுங்க,” என்று டீச்சர் எழுந்து போனார்.

நான்காம் நாள் பிற்பகல். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், தறிகள் ஓடுகின்றன. திடீரென்று கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதி மேலே வந்து விழுந்தது மாதிரி இருந்தது. கூடவே என் காது. நான்கு நாளாகத் தறிக்கு அடியில் கிடந்தது, முழு வீச்சில் எழுந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ‘பயம்’ என்றேன். ‘நெஞ்சு அடிக்கி’ என்றேன். பிறகு, ‘இரையுது.’

விரட்டாமல் சொன்னேன். அப்போதுதான் அது ஒரே சத்தம் இல்லை என்று தெரிந்தது. மேலே மெல்லிசாக ஒரு இழை, அடியில் கனமாக ஒன்று. மேலிழை கூடிக் குறைந்தது. ‘இரையுது.’ எங்கோ ஒரு காக்கை. ‘கேக்கு.’ கீழே தறிக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு சிரிக்கும் சத்தம். ‘கேக்கு.’ மறுபடி காதுக்கு வந்தபோது திடுக்கிட்டேன். காக்கையும் சிரிப்பும் கேட்ட அந்த நேரம் முழுக்க எனக்கு இரைச்சல் இல்லவே இல்லை! இருந்திருக்கலாம், நான் அங்கே இல்லை. நாலு மாதமாக ஒரு வினாடி விடாமல் கேட்கிறது என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருந்தேன். விடுகிறது. எத்தனையோ முறை விடுகிறது. நான்தான் பார்க்கவில்லை.

கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கியதும் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. டீ நேரத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போய்ப் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மட்டும் மௌன விரதம், பேசக் கூடாது. காதைக் காட்டினேன், கையை விரித்தேன், சிரித்தேன், அழுதேன். அவள் டீ கிளாஸை என் கையில் திணித்துவிட்டு, “என்னட்டி, நின்னுட்டா?” என்று கிசுகிசுத்தாள். இல்லை என்று தலையாட்டினேன். நிற்காததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை போர்டில் உட்கார்ந்தேன். முதல் அழைப்பு கோயம்புத்தூருக்கு ஒரு பஞ்சு வியாபாரி. காது இரைந்தது, வியாபாரி பேசினார். இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக் ஆகும்வரை நான் போர்டை விட்டு இறங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இன்று அந்தத் தடத்தில் அகலப் பாதை ரயில், கரித்தூள் கிடையாது. தபசு நாட்களைத் தவிர்த்தால் தங்க இடம் சுலபம். அந்த மாடி வகுப்பு இப்போது இல்லை. ஆனால் எந்த ஊரில் பழகினாலும் அமைதியான இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். உங்கள் வீட்டில் பேசுகிற சொல்லையே பேராக வையுங்கள், புத்தகச் சொல் வேண்டாம். ஒரு தடவை உட்காரும்போது நாலைந்து சொல் போதும். டாக்டரையும் விடாதீர்கள், இது மருந்து அல்ல.

இன்னொன்று. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் யாருக்கும் தெரியாமல் ஸ்டேஷன் வரை நடந்து போய், மதுரைக்கு மறுநாள் காலை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தேன். உங்களுக்கும் அந்த நடை வரும். கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காருங்கள்.