செம்பருத்தி என்று சொன்ன சிவப்பு

எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. பிறவிக் குணம். வட்டகொடைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாச் சமையலறையில் என் கணவர் உதவிக்கு நின்றார். துரைசாணி கேக்கின் மேல் சீனியில் ரோஜாப்பூ செய்து வைத்து, சுற்றிலும் வெள்ளி மணிகளைப் பதிப்பாராம். எல்லோரும் அதைச் சாப்பிடுவார்களாம். வெள்ளியைத் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க புள்ள" என்றார். அதையும் நான் நம்பவில்லை.

அந்த வருடம் எங்கள் மூன்று வயது மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு முருகனுக்கு என் கையால் தேங்காய் பர்பி செய்து படைப்பதாக நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். ஒரு மண்டலம் கவுச்சி தொடாமல் விரதம் இருந்தேன். கருவாட்டுச் சட்டியைக்கூட நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். படையலில் அசுத்தம் பட்டால் கொடுத்த உயிரைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அவ்வளவு பயம்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணவர் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தார். அடியில் கொஞ்சம் சிவப்புத் தண்ணீர்.

"துரைசாணி வீசச் சொன்னாங்க. பர்பிக்கு ரெண்டு சொட்டு விடு. ரோசாப்பூ கணக்கா வரும்."

திருடிக்கொண்டு வந்தாரோ என்று முதலில் சந்தேகம். பிறகு விஷமோ என்று. ஒரு சொட்டைச் சோற்றில் பிசைந்து கோழிக்குப் போட்டேன். மறுநாளும் அது குப்பையைக் கிளறிக்கொண்டுதான் திரிந்தது. அப்புறம் என் நாக்கிலேயே தொட்டு வைத்துப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. அந்தச் சிவப்பை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பர்பி அழகாக வந்தது. லயத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எப்படிக்கா இந்தக் கலரு?"

போத்தல் என்று சொன்னால் பங்களாச் சாமானைத் திருடினோம் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் பேச்சுப் போகும். "செம்பருத்திப் பூவக் கொதிக்க வச்ச தண்ணி" என்று சொல்லிவிட்டேன். நம்பினாள்.

கோயிலில் பூசை முடிந்து லயம் முழுவதும் பர்பி சாப்பிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி அவள் மகனுக்கு ஊட்டினாள். பங்களாவின் பெரிய சமையல்காரரும் வந்திருந்தார். ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இது கேக்குக்குப் போடுற சாயமில்ல தங்கச்சி? காஞ்ச பூச்சிய இடிச்சு எடுக்கிறதாச்சே. இதையா சாமிக்கு வச்சீங்க?"

நேரே வீட்டுக்கு வந்து, தெரிந்துதான் கொண்டுவந்தாரா என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன். "சத்தியமா தெரியாது புள்ள" என்றார். இன்றுவரை நான் அதை நம்பவில்லை. எத்தனையோ நாள் மகள் லேசாக இருமினாலும் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூச்சி விஷயத்தை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் பக்கத்துக் காம்பராக்காரியின் மகன் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். உத்திரத்துக்கு முதல்நாள் அவள் மடி நிறையச் செம்பருத்திப் பூவோடு வந்து நின்றாள்.

"எம் பையனுக்கும் நேந்திருக்கேன்க்கா. அதே சிவப்புல பர்பி வைக்கிறேன்னு. உங்க கையால செஞ்சு குடுங்க."

நக்கல் செய்கிறாளோ என்று அவள் முகத்தைத் துருவிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் பூவைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். பர்பி கன்றிப்போன காயம் மாதிரி ஊதா நிறத்தில் வந்தது.

அவள் தட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். என்னைச் சந்தேகப்படுவாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன், பூ வாடிவிட்டது என்று.

"எம் விரதத்துலதான் ஏதோ கொறக்கா" என்றாள். "உங்க சுத்தம் எனக்கு வருமா? சாமி காட்டிக் குடுத்துருச்சு. இன்னொரு மண்டலம் இருந்துர்றேன்."

மறுநாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளைச் சோற்றோடு அவள் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறினாள். நான் அவளுக்கு அடுத்த தேயிலை நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.