மானுக்கு மூடிய சாலை

எந்த கேட்டாக இருந்தாலும் அதைத் திறக்க ஒரு ஆள் இருப்பான், அந்த ஆளுக்கு ஒரு டீ போதும் என்பது என் மாமாவின் சித்தாந்தம். மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் வரிசை நிற்கும். உள்ளே போக சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பார்கள், துணி காயப்போடுவார்கள், சீட்டாடுவார்கள். காத்திருப்பதில் மாமா பட்டம் வாங்கியவர் என்று அப்பா கிண்டல் செய்வார்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், அந்தச் சாலைக்குக் கடல் பக்கம். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் எதிர்ப்பக்கம். டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்துதான் கடக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன் என் அண்ணன் அப்படிக் கடந்தபோதுதான் அடிபட்டு இறந்தான். எனக்கு அவன் டி.வி.க்கு மேலே மாட்டிய ஒரு படம். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்துக்குப் பொட்டு வைப்பது என் வேலை. மற்றபடி அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், நானும் கேட்டதில்லை.

மாமாவுக்கு லேசில் பெண் அமையவில்லை. டிரைவரா, வீடு தங்கமாட்டானே என்று இரண்டு இடம் தட்டிப்போனது. கடைசியில் கர்நாடக எல்லையில், மலைக்கு அந்தப்புறம் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் கிடைத்தது. காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா நல்ல நேரம் பார்ப்பதில் மகா கெட்டி. நேரம் தப்பினால் தட்டு மாற்றமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஒரு வாரமாக அம்மா நிலைகொள்ளாமல் அலைந்தாள். சீர்த்தட்டுகளைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். லட்டுத் தட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது. நான் ஒருமுறை தொட்டு, முதுகில் வாங்கினேன்.

முதல் நாள் விடியற்காலையே அப்பாவின் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஆனால் சந்து முனையை ஒரு டிரெய்லர் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் டிரைவரைத் தேடிப் பிடித்து நகர்த்துவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மாமா தன் தொழில்காரனையே வாய் ஓயாமல் திட்டினார். அங்கே போன நேரத்தை வழியெங்கும் பிடிக்க முடியவில்லை. மலையடிவாரத்து வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் குறுக்குக் கம்பத்தை இறக்கிப் பூட்டியிருந்தார்கள். இனி விடிந்தால்தான் திறப்பார்களாம். அப்பாவின் போனில் வழி காட்டுக்குள் நீலக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைப் பற்றி அது மூச்சுவிடவில்லை.

"ஹார்பர் கேட்டயே பாத்துட்டேன், இது இன்னா கேட்டு?" என்றார் மாமா. வேனிலிருந்து ஸ்டவ்வை இறக்கி, சாலையோரம் வைத்து, வழக்கம்போல டீ போட ஆரம்பித்தார்.

காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். "ஏனுங்க, காட்டோரத்துல நெருப்பு வெக்கறீங்களே, கொஞ்சமாச்சும் யோசன வேண்டாமுங்களா?" என்று ஸ்டவ்வின் தலையில் தண்ணீரைக் கொட்டினார். மாமா அசரவில்லை. அதற்குள் தம்ளரில் வடித்திருந்த டீயைப் பவ்யமாக அவரிடமே நீட்டினார். அவரும் நிதானமாகக் குடித்தார். நல்லா இருக்குங்க என்றார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

மாமாவின் சித்தாந்தம் ஆட்டம் கண்டதை அன்றுதான் பார்த்தேன். குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எங்களுக்குப் பின்னால் தக்காளி ஏற்றிவந்த ஒருவர், சரக்கு வீணாப்போகும், யானைக்கு ஓட்டா இருக்கு என்று காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. காவலர் ஓடிப்போய்க் கம்பத்தைத் தூக்கி அனுப்பினார். மாமாவின் முகம் பளிச்சென்று ஆனது. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வவுத்த புட்ச்சிக்கினு அழு" என்றார் காதில்.

அழுவதில் நான் கெட்டிக்காரி. காவலர் பதறிவிட்டார். கம்பத்தின் பூட்டில் கையை வைத்துவிட்டார்.

"டேய், எறக்குடா அவள!" அம்மாவின் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. "புள்ளய வச்சி பொய் சொல்லாத. சார், அவளுக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எவ்வளவு அழகாக அழுதேன்! மாமா என்னைக் கீழே இறக்கிவிட்டார். அம்மா காவலரிடம் எதற்காக மூடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"முந்தி ராத்திரியெல்லாம் வண்டி போயிட்டே இருக்குமுங்கக்கா. காலையில ரோட்டுல மான் அடிபட்டுக் கெடக்கும். குட்டியெல்லாம்கூட. பொறவுதான் மூடுனாங்க."

"மான் செத்துச்சின்னு ரோட மூடிட்டாங்களா?"

"ஆமாங்கக்கா. பொழுது விழுந்தா அதுக வழிங்க. பகல்ல நாம போறோம்ல."

"பாத்தியாக்கா, மானுக்குன்னா மூடறான், நம்ப..." என்று ஆரம்பித்த மாமா பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா ஏற்கெனவே துடைத்த வேன் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"மூடட்டும்டா" என்றாள் அம்மா. "நல்லா மூடட்டும்."

பிறகு வேனுக்குள் போனாள். யாரும் தொடக்கூடாத லட்டுத் தட்டின் கட்டை அவிழ்த்து, இரண்டு லட்டை எடுத்துவந்து காவலரின் கையில் வைத்தாள். டீக்கு மசியாதவன் லட்டுக்கு மசிவான் என்று அம்மா கணக்குப் போட்டதாகத்தான் நினைத்தேன். லட்டும் வீணாகிப்போன வருத்தத்தில் அப்படியே தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் கம்பம் எழுந்தது. தாமதமாகிவிட்டது என்று மாமா குதித்தார். அம்மாவோ மெல்லப் போங்க, மெல்லப் போங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பாவும் மாட்டுவண்டிபோல ஓட்டினார். ஒரு வளைவில் தாய்மானும் குட்டியும் சாலையைக் கடந்தன. அவசரமே இல்லாமல், நடுவில் நின்று எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயின. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெண்வீட்டில் எட்டு மணிக்குப் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் இன்னொரு நல்ல நேரம் வரும்வரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். அதற்குப் பின்தான் தட்டு மாற்றினார்கள்.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை பள்ளிக்கூடம். டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்:

"நம்ப ரோட்டுக்கு எப்பம்மா கேட்டு போடுவாங்க?"

அம்மா என் மணிக்கட்டை அப்படி ஒரு இறுக்கு இறுக்கினாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. பள்ளிக்கூட வாசல்வரை அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபோது மணிக்கட்டில் வளையல் அழுந்திச் சிவந்திருந்தது. தொணதொணவென்று கேள்வி கேட்டதற்கு அம்மா கொடுத்த தண்டனை என்று நினைத்து, அன்று முழுவதும் அவள்மேல் கோபமாக இருந்தேன்.