வெளிர் பிங்க்கும் இரண்டு வருடமும்

போன வாரம் புதுவாயல் கூட்டுரோட்டுக் கடையில் ஷாஹினாவுக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் பாலில் ரோஸ் சிரப்பை ஊற்ற, லேசாக நிறம் மாறியதுமே "போதும், நிறுத்துங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். லேபில் இருந்தபோது வராத நிதானம், இப்போது வந்து என்ன பிரயோஜனம்.

பி.எஸ்சி. முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனக் கம்பெனி லேபில் சேர்ந்தேன். அந்த வாசனைக்குப் பயந்து அம்மா என் துப்பட்டாவைத் தனியாகத் துவைப்பாள். நாள் முழுக்க டைட்ரேஷன்தான். வெள்ளை டைல் மேல் குடுவை, அதில் அமிலமும், நிறம் காட்ட இரண்டு சொட்டு இண்டிகேட்டரும். மேலே ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரம் சொட்டும். வெளிர் பிங்க் வந்ததும் மூடிவிட வேண்டும். எனக்குத்தான் அவசரமாயிற்றே, அடர் ரோஸ் ஆகும்வரை விட்டுவிட்டு முழிப்பேன். பக்கத்து மேசை ஷாஹினா, பழவேற்காட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள், "இன்னாடி, ரோஸ் மில்க் போட்டுக்கினு இருக்கியா?" என்பாள்.

அந்த வருடம் எம்.எஸ்சி. இல்லாமல் நேராக பிஎச்.டி.யில் சேர எனக்கு இடம் கிடைத்தது. இன்னொரு கல்லூரியில் எம்.எஸ்சி.க்கும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வயலிலிருந்து வந்த நைனா, கால்கூடக் கழுவாமல், "ரெண்டு வருஷம் மிச்சம்ன்ற. இதுல இன்னா யோசன?" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. லேபில் பெருமையாகச் சொன்னேன். பிஎச்.டி. இண்டர்வியூவில், டைட்ரேஷனில் ஏன் பிங்க் ஆகிறது என்று கேட்டதையும், "காரம் போட்டா ஆகும் சார்" என்று நான் சமாளித்ததையும் சேர்த்துத்தான்.

ஷாஹினா சிரிக்கவில்லை. "நெசமா ஏன் ஆவுது?"

"தெரியாது."

"எட்டு மாசமா ஏன்னு தெரியாமயா பாத்துக்கினு இருந்தோம்?"

எனக்கு மானமே போயிற்று. பி.எஸ்சி.யில் படித்ததுதான்; பரீட்சைக்கு நெட்டுருப் போட்டு மறுநாளே மறந்தது. இந்த லட்சணத்தில் ஆராய்ச்சியா? பயந்துதான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை, எம்.எஸ்சி.யே போதும் என்று எழுதிவிட்டேன். நைனா இரண்டு நாள் பேசவில்லை. ஷாஹினா மட்டும், "ஏன்னு கத்துக்கினு வந்து நேர்ல சொல்லு. போன்ல வேணாம்" என்றாள்.

முதல் மாதமே கற்றுவிட்டேன். ஆனால் எம்.எஸ்சி., பிஎச்.டி., வேறு ஊர் என்று, நேரில் பார்த்துக்கொள்ளாமலே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. போனில் கல்யாணம், காய்ச்சல் எல்லாம் பேசினோம். பிங்க்கை மட்டும் தொடவில்லை.

ஷாஹினா வந்தாள். அந்த லேபுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. ரோஸ் மில்க்கை அவளிடம் நீட்டி, "சரி, கேட்டுக்கோ" என்று ஆரம்பித்தேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மிஷின் வந்துட்ச்சுடி. அது கலரு பாக்காது, நம்பரு அடிக்கும். டைலு, ப்யூரெட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. நீ படிச்சுட்டு வர்றதுக்குள்ள பிங்க்கே போயிடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நிறத்துக்காகத்தானே இரண்டு வருடம் சுற்றிப் போனேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுக்காக உட்ருவனா? ஒம்பது வருஷமா காத்துக்கினு இருக்கேன். சொல்லு."