அப்பா வாங்கிய ஓட்டைப் படகு

எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. அப்படியிருக்க, அப்பா ஒரு படகு வாங்கி வந்தார்.

அதுவும் ஓட்டைப் படகு. கோவளத்தில் மீன்பிடிக்கிற ஒருவர் ஃபைபர் படகுக்கு மாறியதும், பழைய பிளைவுட் படகைச் சவுக்குத் தோப்பில் கவிழ்த்துப் போட்டிருந்தார். விற்றவருக்கே மனசு கேட்கவில்லை. “இத்த வாங்கினு போயி இன்னா சார் பண்ணப்போற? அடுப்புக்குத்தான் ஆவும்” என்று வண்டியில் ஏற்றும்போதுகூடச் சொன்னாராம். குட்டியானை வேனில் அது கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியபோது, அம்மா வாசலிலேயே நின்று, “வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான்” என்றாள்.

அப்போது எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. அக்காவுக்கு இரண்டாவது வருடமும் மருத்துவ சீட் கிடைக்கவில்லை. அன்று அறைக்குள் போனவள் பிறகு வெளியே வரவில்லை, யாரோடும் பேசவுமில்லை. தட்டு உள்ளே போகும், பாதிச் சோற்றோடு திரும்பி வரும். அம்மா அந்தக் கதவுவரை போய்ப்போய்த் திரும்புவாள். அக்கா இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்கும் பயமாக இருந்தது. இந்த நேரத்தில் இவருக்குப் படகு கேட்கிறதே என்று ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே அப்பாமேல் கோபம். அதையும் கொண்டுபோய் அக்காவின் ஜன்னலுக்கு நேர் எதிரே கவிழ்த்து வைத்தார்.

குழாய்களில் பற்றவைத்த இடங்களைச் சோதிப்பதுதான் அப்பாவின் ஆபீஸ் வேலை. வீட்டில் அந்தத் திறமையெல்லாம் எங்கே போயிற்றோ! உப்புத்தாள் போட்டால் நல்ல பலகையும் சேர்ந்து தேய்ந்தது. மக்கிய இடத்தை வெட்டிப் புதுத்துண்டு வைத்தார், சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியோடு. எதிர்வீட்டு மாமா காபி டம்ளருடன் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார். எனக்கு மானம் போயிற்று.

ஃபைபர் துணி ஒட்டுவதற்கு ரெசின் கலக்க வேண்டும். அதை இறுகவைக்கிற ஹார்டனரைக் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். அப்பா ஊற்றிய ஊற்றில் குவளை கொதித்துப் புகைந்தது. மறுநாளும் அதே கதை. அடுத்த முறை ஜன்னல் படாரென்று திறந்தது.

“ஐயோ அப்பா, அவ்வளவு ஊத்தாதீங்க! கையைச் சுட்டுக்குவீங்க!”

அக்காவின் குரல் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா நிமிரக்கூட இல்லை. “டப்பால ஏதோ போட்டிருக்கு. பொடி எழுத்து, எனக்குப் படிக்க முடியல” என்றார்.

அக்கா வாராத தலையோடு வெளியே வந்து, டப்பாவைப் பிடுங்கிப் படித்தாள். அதன்பிறகு படகு அவளுடையதாகிவிட்டது.

அவள் வேலை செய்த அழகை என்னவென்று சொல்ல! ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகையைத் தட்டித் தட்டி, மந்தமாகச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டாள். அப்பா வைத்த துண்டைப் பெயர்த்தெறிந்து, அச்சாகப் பொருந்துமாறு வேறு வெட்டினாள். ரெசினைச் சொட்டுக்கணக்கில் கலந்தாள். பசிக்கிறது என்று அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள்.

கடைசியில் படகை நிமிர்த்திச் செங்கல்மேல் தூக்கி வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினார்கள். ஓட்டை இருந்தால் அடியில் கசியும். அப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ஒரு சொட்டுகூட இல்லை” என்றார். அக்கா குனிந்து பார்த்து, சொட்டிய இடங்களைக் காட்டினாள். அப்பாவுக்குக் கண் அவிந்துபோயிற்று என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவற்றையும் அடைத்த பிறகு, பக்கிங்காம் கால்வாயில் படகை இறக்கினோம். நான் இடுப்பில் லாரி டியூபோடு நடுவில் உட்கார்ந்தேன். அக்கா துடுப்புப் போட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

போன வருடம் அப்பா ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் ஒருவர், “மயிரிழை விரிசல்கூட சார் கண்ணுக்குத் தப்பாது” என்று பேசினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில், இப்போது கல்லூரியில் வேதியியல் நடத்துகிற அக்கா, குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“முதல் நாளே ஜன்னல் இடுக்குல பார்த்தேன்டி. கரெக்டா அளந்து ஊத்தினார். அப்புறம் என் ஜன்னலை ஒரு தடவை பார்த்துட்டு, இன்னொரு மூடி ஊத்தினார்.”

“அப்புறம் ஏன் வந்தே?”

“எத்தனை நாள்தான் அவர் ஊத்திக்கிட்டே இருப்பார், பாவம்.”

மேடையில் அப்பா மாலையோடு, மூக்குக் கண்ணாடிகூட இல்லாமல், எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.