பசியல்ல, மூச்சு

ஸ்டீபன் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் தங்கை போனில் சொன்னபோது நான் குளக்கரையில் வலை அலசிக்கொண்டிருந்தேன். சூலூரில் ஒரு நூல் மில்லில், ஷிப்டுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லையாம். தாராபுரம் மீன் பண்ணையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் பொய்.

அவர் விலங்கியல் முடித்தவர். நான் அதே படிப்பைப் பாதியில் விட்டவன். கோடையில் அண்ணன் தீவனத்தைக் குறைப்பதால் முதலாளிக்கும் அவருக்கும் தினமும் வாய்த்தகராறு.

"ஏனுங்க ஸ்டீபன், மீனெல்லாம் எளச்சுக் கெடக்குது. கூட்டிப் போடுங்க."

"தண்ணி சூடானா மீனுக்கு மூச்சு ஜாஸ்தி வேணுமுங்க. ஆனா சூட்டுத் தண்ணில ஆக்சிஜன் கம்மியாத்தானுங்க நிக்கும். தின்னதச் செரிக்க இன்னுங் கொஞ்சம் வேணும். அதுக்கு அதுக எங்கீங்க போகும்?"

"மீனுக்கு வக்காலத்து வாங்கத்தான் உங்களுக்குச் சம்பளமாக்கும்!"

சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன்.

மூன்று வருடம் முன்பு, சித்திரையில், தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவர் சூலூர் போனார். "டேய் கண்ணு, நான் வார வரைக்கும் ஒரு உருண்டை தீவனங்கூடப் போட்டுறாத. மேல வந்து வாயப் பொளந்தா ஏரேட்டர ஓட்டு, போதும்" என்றார்.

மறுநாள் காலை குளம் முழுக்க வாய்கள். ஏரேட்டரை ஓட்டினேன். காற்றைக் கலக்கும் அந்தச் சக்கரம் சுற்றியும் வாய்கள் மூடவில்லை. மூச்சுக்குத் தவிக்கின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் ஊருக்குப் போகும் முன்பே தீவனத்தை நிறுத்தியிருந்தார்; நாலு நாள் பட்டினி, பாவம் என்றுதான் தோன்றியது. வெயில் ஏறியதும் ஒரு கூடைத் தீவனத்தை வீசினேன். தின்றன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதியம் மேகம் மூடிப் புழுங்கியது. அடுத்த விடியலில் தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறுகள்தான்.

அண்ணன் பஸ் பிடித்து வந்தார். செத்த மீன் ஒன்றின் வயிற்றை அமுக்கினார். தீவனம் வெளியே வந்தது. என்னைப் பார்த்தார்.

"மூச்சு பத்தலீன்னா ஒடம்பு காத்தில்லாமயே சத்த எரிச்சுப் பாக்கும். அது கொஞ்ச நேரந்தான். அப்புறம் சத்தும் தீந்துபோகும், ஒடம்பும் புளிச்சுப்போகும்" என்று மீனிடம் சொல்வது போலச் சொன்னார்.

முதலாளி கத்தினார். "தீவனம் போட்டது யாருங்க?"

"நாந்தானுங்க. போடச் சொல்லிப்போட்டுத்தான் போனேன்."

அப்போதே முதலாளி அவரை வேலையை விட்டுத் துரத்தினார். கேட் வரைக்கும் அண்ணன் பின்னாலேயே ஓடினேன். "ஏனுங்ண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"படிப்பையும் பாதில விட்டவன், இங்கயும் தொரத்துனா நீ உருப்பட மாட்டடா. எனக்குப் படிப்பு இருக்குது. வேற பண்ணை கெடைக்கும்."

கிடைக்கவில்லை. எந்தப் பண்ணைக்குப் போனாலும், குளத்தைக் கொன்றவன் என்ற பேச்சு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மில்லுக்குப் போனார். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. போன் பேசும்போதெல்லாம் மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுவேன். அவரும் அதைப் பேசியதே இல்லை.

தீவனம் போட்டது நான்தான் என்று நேற்று முதலாளியிடம் சொன்னேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "செத்தவனுக்கு இனி அதுனால என்ன ஆகப்போகுது தம்பி? போய் வேலையப் பாரு" என்றார்.

பார்க்கிறேன். அண்ணனுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது இந்த வேலை ஒன்றுதான்.