சூப்பக்காவின் குடுவை

ஆய்வகத்தில் அவளுக்குச் சூப்பக்கா என்று பெயர். பூமியில் முதல் உயிர் எப்படி உண்டானது என்று அறிய, கண்ணாடிக் குடுவையில் தண்ணீரையும் நாலைந்து வாயுக்களையும் அடைத்து, மின்பொறி பாய்ச்சி, வாரக்கணக்கில் கொதிக்கவிடுபவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? வீட்டில் பாலைப் பொங்கவிட்டு முழிப்பவள், குடுவையை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். உடம்பைக் கட்டும் அமினோ அமிலங்கள் அதில் தாமாக விளைய வேண்டும். இத்தனை வருடமும் விளைந்தது கறுப்புப் பிசின்தான்.

கணவர் பஸ் டிரைவர். வேதியியல் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனாலும் தினமும் செருப்பைக் கழற்றும்போதே, "உன் சூப்பு என்ன சொல்லுது?" என்பார்.

அந்தத் திங்கட்கிழமை குடுவையில் அமினோ அமிலம் இருப்பதாகக் கருவி காட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவருக்குப் போன் போட்டாள். மனிதர் பஸ் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டார்.

ஆய்வகத் தலைவரும் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்த அமிலங்கள் நம் இரண்டு கைகளைப்போல இடது, வலது என இரு வடிவில் இருக்கும். தாமாக விளைந்தால் இரண்டும் சரிபாதி. உயிருள்ள உடம்பிலிருந்து வந்தால் அநேகமாக இடதுதான். மறுநாள் யாரும் கேட்காமலே சோதித்தாள். எல்லாமே இடது.

அப்போதுதான் உறைத்தது. குடுவையின் மூடி இறுகிப்போன அன்று, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் திருகியிருந்தாள். கண்டுபிடித்தது அவள் விரல் வியர்வையைத்தான்.

தலைவரிடம் சொல்லிவிட்டாள். அது பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது? அவருக்குத் தலைகுனிவாகிவிடுமே என்பதுதான் அவள் கவலை.

"எல்லாம் என் கை அழுக்குங்க," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "உங்க பஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"தப்புன்னு யாரு கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"நீ சொல்லலேன்னா வேற யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?"

"இப்போதைக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நாளைக்கு அதையும் பஸ்ல சொல்லிடறேன். நேத்து சொன்னதைவிட இதைத்தான் சத்தமா சொல்லணும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பஸ்ஸை நிறுத்திட்டுச் சொல்லுங்க," என்றாள்.